‘முழுக்கக் குணமாகி வரட்டும்’ என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். எழுபது பேர் வேலை செய்கிறார்கள். அப்பா காலத்திலிருந்து 11 வருடமாக ஓவர்லாக் டெய்லராக இருக்கும் அக்கா ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டது. வயது 46. ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் முடிந்துவிட்டது. எட்டு மாதமாக வேலைக்கு வரவில்லை. நடுவில் கூப்பிட்டால் தொந்தரவாக நினைப்பாரோ என்று நாங்களும் கூப்பிடவில்லை. போன வாரம் அவருடைய மகள் போன் செய்து, "அம்மா அடுத்த மாதம் வேலைக்கு வரலாம் என்கிறார், எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். எங்கள் மேனேஜர் அண்ணன், "இனி அந்த அம்மாவால் லைனில் உட்கார முடியாது, ஏதாவது நடந்தால் நம் தலையில் விழும், கணக்கை முடித்துக் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிடலாம்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முழுக்கக் குணமானதும் வரச் சொல்லலாமா? ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்க வேண்டுமா? என்ன வேலை கொடுப்பது? இ.எஸ்.ஐ., பி.எஃப். எல்லாம் பிடிக்கிறோம்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்:

தம்பி, வணக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த அக்காவுக்கு ஒரு போன் செய்யுங்கள். மேனேஜரை விட்டுப் பேசச் சொல்லாதீர்கள், நீங்களே பேசுங்கள். "எடுத்துக்கொள்வீர்களா?" என்று மகள் கேட்டிருக்கிறார். 11 வருடம் வேலை செய்தவரின் வீட்டிலிருந்து புது ஆள் மாதிரி கேட்க வேண்டி வந்திருக்கிறது. எட்டு மாதம் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் போகாததுதான் காரணம். நல்ல எண்ணத்தில்தான் கூப்பிடாமல் இருந்தீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் படுத்திருப்பவருக்கு அது அப்படித் தெரியாது. என் மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்தாச்சு, கம்பெனி என்னை மறந்தாச்சு என்றுதான் மனசு போகும். நீண்ட விடுப்பில் இருந்த எத்தனையோ தொழிலாளிகள் என்னிடம் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நோயைவிட இந்த நினைப்புதான் பலரை வேலைக்குத் திரும்ப விடாமல் வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

நெதர்லாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். தொழிலாளி நோயில் படுத்தால் முதல் 2 வருடம் குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை முதலாளிதான் கொடுக்க வேண்டும். 8-ஆம் வாரத்துக்குள் இருவரும் உட்கார்ந்து, எப்படித் திரும்பி வருவது என்று ஒரு திட்டம் எழுதிவிட வேண்டும். ஆள் இன்னும் சிகிச்சையில் இருக்கும்போதே திரும்பி வரும் பேச்சைத் தொடங்கிவிடுகிறார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்றாலும் அந்த வழக்கத்தை எடுத்துக்கொள்ள நமக்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை. இனிமேல் உங்கள் கம்பெனியில் யாராவது ஒரு மாதத்துக்கு மேல் படுத்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒருவர் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்போ வருவீங்க?" என்று கேட்காமல், "எப்படி இருக்கீங்க, ஏதாவது பேப்பர் வேணுமா?" என்று கேட்டால் போதும்.

சரி, போனில் என்ன பேசுவது? "அக்கா, உங்க வேலை உங்களுக்குத்தான். எப்போ, எப்படி வரலாம்னு ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோம்" என்று சொல்லுங்கள். இதுதான் அவர் எட்டு மாதமாகக் கேட்கக் காத்திருக்கும் வார்த்தை. எந்த ஸ்டேஜ், மறுபடி வருமா, டாக்டர் எவ்வளவு நாள் என்று சொன்னார் என்றெல்லாம் கேட்காதீர்கள். அது அவருக்கும் அவருடைய டாக்டருக்கும் உள்ள விஷயம். நீங்கள் கேட்க வேண்டியது வேலையைப் பற்றி: எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, கை எவ்வளவு தூரம் தூக்க முடிகிறது, விரல் எப்படி இருக்கிறது, எந்த நேரத்தில் அசதி அதிகம், மருத்துவமனைக்கு எந்தெந்த நாள் போக வேண்டும். நோயைப் பற்றிய கேள்விகளுக்கு வரும் பதிலை வைத்து முதலாளி எதுவும் செய்ய முடியாது. வேலையைப் பற்றிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு செய்ய முடியும்.

முழுக்கக் குணமானதும் வரச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முழுக்கக் குணமாகும் நாள் என்று ஒன்று காலண்டரில் இல்லை. இந்த நோயில் பலருக்கு டமாக்ஸிஃபென் போன்ற ஹார்மோன் மாத்திரையை 5 வருடம் கொடுப்போம், சிலருக்கு 10 வருடம் வரைகூடப் போகும். மாத்திரை முடிந்தால்தான் குணம் என்று கணக்குப் போட்டால் அந்த அக்கா 56 வயதில்தான் கம்பெனிக்கு வர முடியும். சிலருக்கு வேறொரு ஊசி 3 வாரத்துக்கு ஒரு தடவை என்று ஒரு வருடம் தொடரும். அந்த ஊசி போட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். கரண்ட் வைத்த பிறகு வரும் அசதி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். அந்த அசதி தூங்கினால் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பை அசைக்க அசைக்கத்தான் குறையும். அதனால் அளவாக வேலை செய்வதும் அவர் உடம்பு தேறுவதில் ஒரு பங்கு. சனிக்கிழமை சம்பளத்தைத் தன் கையில் வாங்குவது மனசுக்கு என்ன செய்யும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேளுங்கள். ஆனால் வெறுமனே கேட்டால், "ஃபிட் ஃபார் டியூட்டி" என்று ஒரு வரி எழுதி சீல் வைத்து வரும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு உங்களாலும் எதுவும் செய்ய முடியாது, அவராலும் முடியாது. புற்றுநோய் டாக்டருக்கு ஓவர்லாக் மிஷின் எப்படி இருக்கும் என்று தெரியாது. டெய்லர் என்றால் வீட்டுத் தையல் மிஷினை நினைத்துக்கொள்வார். பிரிட்டனில் 2010-ல் விடுப்புச் சான்றிதழையே மாற்றினார்கள். அதற்கு முன்னால் வேலை செய்யக்கூடாது என்று எழுதும் சீட்டாக இருந்தது. புதுச் சீட்டில், சில மாற்றங்கள் செய்தால் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுத இடம் வைத்தார்கள். படிப்படியாகத் திரும்புவது, வேலை நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, வேலை செய்யும் இடத்தில் வசதி செய்வது என்று நான்கு கட்டங்கள் அதில் இருக்கும், டாக்டர் டிக் அடிப்பார். நம் சான்றிதழில் அந்தக் கட்டங்கள் இல்லை. நீங்களே ஒரு தாளில் உண்டாக்கிக் கொடுத்துவிடலாம்.

ஒரு பக்கம் போதும், தமிழில் எழுதினாலே போதும். இந்த மாதிரி: "இவர் உட்கார்ந்து ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறார். மிஷினில் ஊசியும் துணியின் ஓரத்தை வெட்டும் கத்தியும் உண்டு. நிமிடத்துக்கு 5,000 தையலுக்கு மேல் ஓடும். காலால் பெடலை மிதித்து வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். இரண்டு கையாலும் துணியைத் தள்ள வேண்டும். பண்டில், அதாவது வெட்டிய துணிக்கட்டு, இத்தனை கிலோ இருக்கும், ஒரு ஷிப்டில் இத்தனை தடவை தூக்க வேண்டும். ஷெட்டுக்குள் மதியம் சூடு அதிகம். ஷிப்ட் 8 மணி நேரம்." அதற்குக் கீழே நாலு கேள்வி: எத்தனை மணி நேரத்தில் தொடங்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், கை கால் விரலில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா, எந்த வேலையைத் தவிர்க்க வேண்டும். அந்த அக்கா அடுத்து மருத்துவமனைக்குப் போகும்போது கையில் கொடுத்து அனுப்புங்கள். இப்படி ஒரு தாள் வந்தால் எந்த டாக்டரும் இரண்டு நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிடுவார். என்னிடம் வந்தால் சந்தோஷமாக நிரப்புவேன்.

விரலையும் காலையும் பற்றிக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கீமோவில் பேக்ளிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் என்ற மருந்துகள் அடிக்கடி வரும். இவை நரம்பு நுனிகளைப் பாதிக்கும். விரல் நுனி மரத்துப்போகும், பாதத்தில் மதமதப்பு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப்போகக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். வீட்டில் சமைக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. கத்தி உள்ள மிஷினில் தெரியும். பெடலில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று பாதத்துக்குச் சரியாகத் தெரியாவிட்டால், அவர் நினைத்ததைவிட மிஷின் வேகமாக ஓடிவிடும்.

அதனால் முதல் நாள் உற்பத்தியில் உட்கார வைக்காதீர்கள். லைன் ஓடாத நேரமாகப் பார்த்து, கூட்டம் இல்லாமல், அவருக்குப் பழக்கமான மிஷினில் உட்காரச் சொல்லுங்கள். முதலில் மிஷினை ஆஃப் செய்துவிட்டு, பெடலை மெதுவாக, கொஞ்சம், முழுசாக என்று மிதித்துப் பார்க்கட்டும். பெரிய பெடலில் இருந்து, துணியை அழுத்தும் மிஷின் பாதத்தைத் தூக்கும் சின்னப் பெடலுக்குக் குனிந்து பார்க்காமல் கால் போகிறதா என்று அவரே கவனிக்கட்டும். அப்புறம் நூல் கோக்கட்டும். ஓவர்லாக்கில் ஊசிக்குக் கீழே உள்ள லூப்பர் என்ற கொக்கிக்கு நூல் கோப்பது விரல் நுனிக்கு நல்ல சோதனை, எந்த டாக்டரின் சோதனையும் அதற்குப் பக்கத்தில் வராது. அது வந்துவிட்டால், வேஸ்ட் துணியில் வேகத்தைக் குறைத்து வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். பக்கத்தில் அவருக்குப் பிடித்த ஒரு டெய்லர் மட்டும் இருக்கட்டும், சூப்பர்வைசர் வேண்டாம். பரீட்சை வைக்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் நன்றாக இருக்கிற கையும் நடுங்கும். விரல் இன்னும் சரியில்லை என்று தெரிந்தால், ஓவர்லாக்கை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். வேலைக்கு வருவதைத் தள்ளிப் போட வேண்டாம்.

அடுத்தது கை. ஆபரேஷனில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கையில் வீக்கம் வரக்கூடும். வருடங்கள் கழித்தும் வரலாம். இதைக் கேட்டதும் அந்தக் கையால் எதையும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள், அது சரியில்லை. படிப்படியாகப் பழக்கினால் கைக்கு நல்லதுதான். திடீரென்று பெரிய பண்டிலைத் தூக்குவது, உயரத்து ரேக்கில் இருந்து இழுப்பது, இவைதான் வேண்டாம். கைமடிக்கு, அதாவது டெய்லருக்கு உதவியாக, இருக்கும் பெண்ணே பண்டிலைக் கொண்டுவந்து மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து, தைத்ததை எடுத்துப் போகட்டும். அந்தக் கையில் ஊசி குத்தினாலோ, கத்தி பட்டாலோ, அயர்ன் சுட்டாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவி மருந்து வைக்க வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. கைக்கு இறுக்கமான உறை போடச் சொல்லியிருந்தால் அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்யலாம்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு குப்பென்று சுட்டு, வியர்த்துக் கொட்டி, அடங்கும். தகர ஷெட்டில், அயர்ன் டேபிளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தாங்க முடியாது. ஜன்னல் பக்கம், ஃபேன் காற்று வருகிற மிஷினைக் கொடுங்கள்.

என்ன வேலை கொடுப்பது என்று நீங்களும் மேனேஜரும் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்துவிடாதீர்கள். இதில் இரக்கம் நிறையத் தவறு செய்கிறது. ஒரு நூற்பாலையில் நோய்க்குப் பிறகு திரும்பி வந்த ஒரு பெண்ணுக்கு லேசான வேலை கொடுப்பதாக நினைத்து, கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். இருபது வருடம் மிஷின் பார்த்தவர். மூன்றாவது வாரம் வேலையை விட்டு நின்றுவிட்டார். உடம்பு முடியாமல் நிற்கவில்லை என்று என்னிடம் வந்து அழுதார்.

உங்கள் மேனேஜர் செக்கிங்கில் போடலாம் என்று சொல்வார். பாதம் மரத்திருப்பவருக்கு நாள் முழுக்க நின்றுகொண்டு செக்கிங் பார்ப்பது, உட்கார்ந்து தைப்பதைவிடக் கஷ்டம். சம்பளமும் குறையும், டெய்லர் என்ற பெயரும் போகும். என்னைக் கேட்டால், உங்களிடம் சாம்பிள் செக்‌ஷன் இருந்தால் முதல் ஒன்றிரண்டு மாதம் அங்கே உட்கார வையுங்கள். சாம்பிள் தைக்கக் கைத்திறமை வேண்டும், அவரிடம் இருக்கிறது. மணிக்கு இத்தனை பீஸ் என்ற விரட்டல் அங்கே கிடையாது. சாம்பிள் இல்லை, லைனில்தான் உட்கார வேண்டும் என்றால், அந்த லைனின் டார்கெட்டை அவருடைய பங்குக்கு ஏற்ற மாதிரி குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் அவர் விட்ட பீஸ் பக்கத்து மிஷின்காரர் தலையில் விழும். முதல் வாரம் பொறுத்துக்கொள்வார்கள், மூன்றாவது வாரம் முணுமுணுப்பார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இனி பணம். இதில்தான் பல கம்பெனிகள் தெரியாமல் தொழிலாளியை மாட்டிவிடுகின்றன.

முதலில் ஆபீஸில் கேளுங்கள்: இந்த எட்டு மாதமும் இ.எஸ்.ஐ. மாதக் கணக்கு ஏற்றும்போது அவர் பெயருக்கு நேரே என்ன காரணம் போட்டார்கள்? வேலை நாள் பூஜ்ஜியம் என்றால் விடுப்பில் இருக்கிறார் என்று போட வேண்டும். வேலையை விட்டுவிட்டார் என்று போட்டிருந்தால், காகிதத்தில் அவர் உங்கள் தொழிலாளியே இல்லை. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி ஏற்றிவிட்டார்களா என்றும் பாருங்கள். தப்பாகப் போட்டிருந்தால் அவர் வருவதற்கு முன்னால் திருத்தும் வேலையைத் தொடங்குங்கள்.

அப்புறம் அவருக்கு வர வேண்டியது வந்ததா என்று பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். புற்றுநோய், காசநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு அதற்குப் பிறகும் நீட்டித்த நோய்க்காலத் தொகை உண்டு. அது 80 சதவீதம், 2 வருடம் வரை. தொடர்ந்து 2 வருடம் இ.எஸ்.ஐ. பிடித்த வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் (ஒரு சந்தாக் காலம் ஆறு மாதம்) 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். 11 வருடம் ஒழுங்காக வந்தவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் 91 நாளோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கிளை அலுவலகத்துக்கே போகாமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆபீஸ் பையன் ஒருவரை ஒரு நாள் அவரோடு அனுப்பி விசாரிக்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான சிக்கல். இ.எஸ்.ஐ. தொகை, வேலை செய்ய முடியாது என்று சான்றிதழ் உள்ள நாளுக்கு மட்டும்தான். பாதி நாள் வேலை, பாதி நாள் தொகை என்ற ஏற்பாடு அதில் இல்லை. வேலைக்குப் போகலாம் என்று டிஸ்பென்சரி டாக்டர் இறுதிச் சான்றிதழ் கொடுத்த நாளோடு தொகை நின்றுவிடும். ஒரு ஷிப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்தால் 480 ரூபாய் வருகிறது. பாதி நாள் வேலைக்கு வந்து நீங்கள் பாதிச் சம்பளம் கொடுத்தால் 300 ரூபாய்தான். வேலைக்கு வந்த குற்றத்துக்கு நாளுக்கு 180 ரூபாய் நஷ்டம். குடும்பம் நடத்துகிறவர் என்ன செய்வார்? முடியாத உடம்போடு முதல் நாளே முழு ஷிப்ட் உட்காருவார், அல்லது வராமலே இருந்துவிடுவார்.

இந்த இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். முதல் இரண்டு வாரம் தினம் 4 மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் 6 மணி நேரம், ஐந்தாவது வாரத்திலிருந்து முழு ஷிப்ட். டாக்டர் வேறு மாதிரி எழுதினால் அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள். இந்த நான்கு வாரமும் முழு ஷிப்ட் சம்பளத்தையே கொடுங்கள். கணக்குப் பாருங்கள்: 12 நாளுக்கு 300 ரூபாய் வீதம் 3,600, அடுத்த 12 நாளுக்கு 150 ரூபாய் வீதம் 1,800, மொத்தம் 5,400 ரூபாய். ஆள் கிடைக்காமல் போர்டு வைத்துத் தேடுகிற ஊரில், 11 வருட அனுபவமுள்ள ஓவர்லாக் டெய்லரைத் தக்கவைத்துக்கொள்ள ஆகும் செலவு இவ்வளவுதான். பீஸ் ரேட் கணக்கில் இருந்தவர் என்றால் இந்த வாரங்களில் ஷிப்ட் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பீஸ் ரேட்டில் உட்கார்ந்தால் உடம்பு போதும் என்று சொன்ன பிறகும் கை நிற்காது. ஒன்றரை ஷிப்ட் ஆறு மாதத்துக்கு வேண்டவே வேண்டாம், ஷிப்மென்ட் அவசரம் என்றாலும்.

இன்னொன்று, எல்லோரும் மறக்கிற விஷயம்: கம்பெனி வேன். காலையில் வேனில் வந்துவிடுவார். மதியம் ஒரு மணிக்கு வேலை முடிந்தால் வேன் கிடையாது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போக வைத்தால், மிச்சம் பிடித்த தெம்பு பஸ்ஸிலேயே போய்விடும். உட்கார இடம் கிடைக்கிற நேரத்துக்கு வேலையை மாற்றுங்கள், இல்லையென்றால் ஆட்டோவுக்குக் கொடுங்கள்.

மேனேஜர் அண்ணன் சொன்னதற்கு வருகிறேன். ஏதாவது நடந்துவிடும் என்று அவர் பயப்படுகிறார், மிஷினில் மயங்கி விழுந்துவிடுவார் என்கிற மாதிரி. இந்தச் சிகிச்சை முடித்தவருக்குப் பொதுவாக அப்படி ஒரு தனி ஆபத்து கிடையாது. கவனிக்க வேண்டியவற்றை மேலே எழுதிவிட்டேன், அவை எல்லாமே ஏற்பாடு செய்யக்கூடியவை. டாக்டரின் தாளும் நேர அட்டவணையும் ஃபைலில் இருந்தால் கம்பெனிக்கும் அதுதான் பாதுகாப்பு. மாறாக, கணக்கை முடித்து அனுப்புவதில்தான் ஆபத்து இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு, நோய்க்காலத் தொகை வாங்கும் காலத்திலும் சான்றிதழோடு சிகிச்சையில் இருக்கும் காலத்திலும் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, அப்படிக் கொடுத்த நோட்டீஸ் செல்லாது என்று எழுதியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக நடைமுறைக்கு வந்துவிட்டதால், எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் உங்கள் லேபர் கன்சல்டன்டிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம் என்ற பேச்சிலும் ஒரு விஷயம். அந்த அக்காவே இனி முடியாது என்று விலகினாலும் கிராஜுவிட்டி அவருக்குச் சேர வேண்டியது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 600 ரூபாய்க்கு 11 வருடத்துக்கு 99,000 ரூபாய். அதைத் தானம் கொடுப்பது போல யாரும் பேசக்கூடாது.

கூட வேலை செய்கிறவர்களிடம் என்ன சொல்வது என்பதை அவரிடமே கேளுங்கள். சிலர் "எல்லோருக்கும் தெரியட்டும், ஒவ்வொருத்தருக்கும் தனியாகச் சொல்ல முடியாது" என்பார்கள். சிலர் யாரும் வாயே திறக்க வேண்டாம் என்பார்கள். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி. அவர் அனுமதித்தால், அவர் வருவதற்கு முந்தின நாள் லைனில் நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள். இது ஒட்டுவாரொட்டி கிடையாது, ஒரே டம்ளரில் தண்ணீர் குடிக்கலாம், டிபன் பகிர்ந்து சாப்பிடலாம். இதை முதலாளி வாயால் சொன்னால் பாதிப் பேச்சு அடங்கும். முக்கியமாக, எங்கள் சித்திக்கும் இதே நோய்தான், ஆறு மாதத்தில் போய்விட்டார் என்கிற மாதிரிக் கதைகளை அவர் காதுபடச் சொல்ல வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். பாவம் பார்த்துச் சொல்கிறவர்கள்தான் இதை அதிகம் சொல்வார்கள்.

திட்டம் நேர்கோட்டில் போகாது. மூன்றாவது வாரம் திடீரென்று இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியாமல் போகலாம். அதைப் பார்த்துவிட்டு, நான் அப்போதே சொன்னேன் என்று யாரும் தொடங்கக்கூடாது. 6 மணி நேரத்திலிருந்து மறுபடி 4 மணி நேரத்துக்கு இறக்கி ஒரு வாரம் வைத்து ஏற்றிக்கொள்ளலாம். பரிசோதனைக்குக் கோவை போக வேண்டிய நாட்களை முன்கூட்டியே வாங்கி சூப்பர்வைசர் டைரியில் எழுதி வையுங்கள். முதல் சில வருடங்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருக்கும். அந்த நாளுக்கு முந்தின இரண்டு நாள் அவருக்குத் தூக்கம் வராது, கவனம் சிதறும். ரிசல்ட் வரும்வரை புது ஸ்டைல், புது ஆர்டர் என்று எதையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள். கீமோவுக்குப் பிறகு சிலருக்கு ஞாபகமும் கொஞ்ச காலம் மந்தமாக இருக்கும். அளவுகளை வாயால் சொல்லாமல் சீட்டில் எழுதி மிஷினில் ஒட்டிவிட்டால் போதும்.

வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது அவசரமாகக் கேட்காமல், ஒரு புதன்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி உட்கார்ந்து பேசுங்கள். கை எப்படி, கால் எப்படி, நேரம் கூட்டலாமா, குறைக்கலாமா. மூன்று மாதம் கழித்தும் ஓவர்லாக் ஒத்துவரவில்லை என்றால், அப்போது வேறு வேலையைப் பற்றி அவரோடு பேசலாம். புதிதாகச் சேரும் பெண்களுக்கு மிஷின் பழக்குகிற வேலை உங்களிடம் இருந்தால் அதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

அந்தப் பேச்சில் மேனேஜர் அண்ணனையும் உட்கார வையுங்கள். எந்த மிஷினுக்குக் காற்று வரும், எந்தப் பண்டில் எவ்வளவு கனம், எந்த லைன் எப்போது மூச்சு வாங்கும் என்று உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். டாக்டருக்குக் கொடுக்கும் தாளையும் அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த அக்கா அடுத்து மருத்துவமனைக்குப் போகும் தேதி எது என்று இன்றைக்குப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், தாள் அதற்கு முந்தின நாள் அவர் கையில் இருக்க வேண்டும்.